வாங்குகிற மரக்கால், கொடுக்கிற மரக்கால்

டெல்டாவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகச் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது ஆண்டு. சம்பா அறுவடை முடிந்திருந்த மாசி மாதம். அன்று காலை இரண்டு பேருந்துகளில் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். துணைக்கு வந்த பெரியவர்களில் ஒரு பாட்டியும் இருந்தார். பேத்தியின் கையைப் பிடித்தபடி வந்தவர், வேளாண் கருவிகள் வைத்திருந்த கூடத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கையை விட்டுவிட்டார். ஏற்றச் சால், நுகத்தடி, பரம்புப் பலகை எதன் முன்னாலும் நிற்கவில்லை. நேராக மரக்காலிடம் போனார்.

தேக்கு மரத்தில் கடைந்து, வாயிலும் அடியிலும் பித்தளைப் பூண் கட்டிய மரக்கால் அது. கண்ணாடிப் பேழை போதாததால் தாழ்ந்த மேடையொன்றில் வைத்து, முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தோம். அருகில் நான் எழுதிய லேபிள். பாட்டி அதைப் படிக்கவில்லை, படிக்கத் தெரியாதவர் என்று நினைக்கிறேன். மரக்காலை இப்படியும் அப்படியும் குனிந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, இது வாங்குற மரக்காவா, குடுக்குற மரக்காவா?”

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். “எல்லாம் ஒண்ணுதான் பாட்டி. நெல்லு அளக்குறது” என்றேன்.

“ஒண்ணா?” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கைய உள்ள வுட்டுப் பாத்தா நான் சொல்லிடுவேன். ஒரு தடவ வுட்டுப் பாக்கவா?” என்று கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“தொடக்கூடாது பாட்டி. கை பட்டாக் கெட்டுப்போயிடும்.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையை ஒரு முறை பார்த்தார், புறங்கையை அல்ல, உள்ளங்கையை. பேத்தி வந்து கூப்பிட, போய்விட்டார். வெளியே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவுதான் நடந்தது. ஐந்து நிமிடம்கூட இருக்காது. என் பணிக்காலத்தில் நான் செய்த தவறுகளில் பெரியது எது என்று கேட்டால் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்வேன். ஈரம் பட்டுச் சுவடிக்கட்டு ஒன்று பாழானதும் என் பொறுப்பில் நடந்ததுதான். அதைவிட இது பெரிது.

அன்று மாலை வழக்கம்போல் நாட்குறிப்பை எடுத்தேன். அருங்காட்சியகவியல் பட்டயப் படிப்பில் எங்களுக்கு மீள்நோக்குக் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. செய்த வேலையை நாமே திரும்பிப் பார்த்து எழுத வேண்டும். டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர் 1983-இல் எழுதிய நூலிலிருந்து பரவிய கருத்து அது. வேலை தெரிந்தவர் புத்தகத்தில் கற்ற விதியை அப்படியே பொருத்துவதில்லை, செய்துகொண்டிருக்கும்போதே யோசிக்கிறார், செய்து முடித்த பிறகும் யோசிக்கிறார், அந்த யோசனையில்தான் அவருடைய அறிவு இருக்கிறது என்பது சாரம். கிரஹாம் கிப்ஸ் 1988-இல் அதற்கு ஆறு படிகள் வகுத்தார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது சரி எது தவறு, ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வாய். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். குறிப்பேட்டையோ, சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் உட்கார்ந்து, நாற்பது நாளின் பக்கங்களையும் மூன்று நிறப் பேனாக்களால் மாற்றி மாற்றி எழுதி நிரப்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதிலுள்ள எந்த வருத்தமும் நான் பட்ட வருத்தம் அல்ல.

பணியில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நடந்ததை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்வதற்கு நாட்குறிப்பு வசதியாக இருந்தது. அன்று நான் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: ‘இன்று ஒரு மூதாட்டி மரக்காலைக் கண்டு மிகவும் உணர்ச்சிவசப்பட்டார். பழைய நினைவுகள் கிளர்ந்திருக்க வேண்டும். தொட முயன்றார். பக்குவமாக விளக்கித் தடுத்தேன். பார்வையாளர்களிடம் நம் காட்சி ஏற்படுத்தும் தாக்கத்துக்கு இது சான்று.’

நான்கு வாக்கியங்களைத் தாண்டி ஐந்தாவதில் எனக்கு நானே பாராட்டும் கொடுத்துக்கொண்டுவிட்டேன்.

எட்டு, ஒன்பது நாள் கழித்து, மாதாந்திர அறிக்கைக்கு ஏதாவது கிடைக்குமா என்று அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். உணர்ச்சிவசப்பட்டாரா? அவர் அழவில்லை. குரல் நடுங்கவில்லை. பழைய கதை எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பொருள் எதற்குப் பயன்பட்டது, யார் கையில் இருந்தது, யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று கேட்டார். எந்தப் பொருளைச் சேர்க்கும்போதும் காப்பாட்சியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்கவில்லை. அவர் கேட்டார். அதோடு நிற்கவில்லை. அதைச் சோதித்து அறியும் முறையையும் சொன்னார். அந்த அறிவை நான் ‘உணர்ச்சி’ என்ற தலைப்பில் எழுதி மூடிவிட்டேன்.

என்னைத் தூங்கவிடாதது முதலில் அதுதான். தொடக்கூடாது என்று சொன்னது பிறகுதான் உறைத்தது. அதை எழுதுவது எனக்கு இப்போதும் கடினமாக இருக்கிறது.

விதி இருக்கிறது. விதிக்குக் காரணமும் இருக்கிறது. விரலில் உள்ள உப்பும் எண்ணெயும் பளபளப்பான உலோகத்தில் பட்டால் நாளடைவில் ரேகையாகவே அரித்துவிடும். பழந்துணி, ஓவியம், ஓலை எதிலும் வெறுங்கை கூடாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைத்து, பச்சைக் களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் காப்பாற்றிய மரபு நமக்கு இருக்கிறது. அந்த மரபை மதிக்கிறேன். ஆனால் இந்த மரக்காலின் உட்புறம் ஐம்பது, அறுபது ஆண்டு நெல்லும் கையும் உரசி வழவழப்பானது. பித்தளைப் பூணில் கை படாமல் உள்ளே விட்டு எடுத்தால் அதற்கு ஒரு கேடும் வந்திருக்காது. இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் விதியைச் சொன்னேன், ஏனென்றால் விதியைச் சொல்வது சுலபம்.

நான் விதியைச் சொன்ன சொற்கள் இன்னொன்று. ‘தொடக்கூடாது, கை பட்டாக் கெட்டுப்போயிடும்.’ அவர் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் இந்த மண்ணில், பண்ணைக் களத்தில் நின்று கூலி வாங்கியவர்களிடம் இந்தச் சொற்கள் எத்தனை தலைமுறையாக, எந்தப் பொருளில் சொல்லப்பட்டன என்பது தெரியும். குடத்தைப் பற்றிச் சொன்னார்கள், கிணற்றைப் பற்றிச் சொன்னார்கள், தேர் வடத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு வாழ்நாள் முழுவதும் அதைக் கேட்டிருக்கக்கூடிய ஒருவரிடம், அவர் பேத்தியின் வகுப்பே சுற்றி நிற்கும்போது, அரசுச் சம்பளம் வாங்கும் நான் அதே சொற்களைச் சொன்னேன். நான் நினைத்த பொருள் வேறு. அவர் உள்ளங்கையைப் பார்த்தது எந்தப் பொருளில் என்று எனக்குத் தெரியாது.

லேபிளை எடுத்துப் படித்தேன். நான் பெருமைப்பட்டு எழுதியது அது. ‘மரக்கால். தேக்கு, பித்தளை. நெல் முதலிய தானியங்களை அளக்கும் கருவி. 12 மரக்கால் ஒரு கலம். சோழர் காலத்தில் ஆடவல்லான் என்ற பெயரில் மரக்கால் வழங்கியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளால் அறிகிறோம்.’ கீழே நன்கொடையாளர் குடும்பத்தின் பெயர். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ராஜராஜன் காலக் கல்வெட்டில் ஆடவல்லான் மரக்கால் வருகிறது, அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்பும் வருகிறது. அந்தத் தகவலைச் சேர்க்க ஒரு வாரம் படித்தேன். ஆயிரம் ஆண்டு தாண்டிப் போய் அரசனின் மரக்காலைத் தேடி எடுத்து வந்த எனக்கு, பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் இருந்த களத்துமேடு கண்ணில் படவில்லை. இந்த மரக்காலில் கூலி வாங்கியவர்கள் உயிரோடிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

படிப்பில் எட்கர் தர்ஸ்டனைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். அளவுகோலும் கவராயமுமாக மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களைக்கூட அளந்தார். வகுப்பில் எங்களுக்கெல்லாம் அவர் மேல் கோபம் வந்தது. மனிதரை அளப்பதற்குரிய பொருளாகப் பார்த்தார், அவர்களுக்கு ஏதாவது தெரியும் என்று எண்ணவில்லை என்று கட்டுரை எழுதினேன். என்னிடம் கவராயம் இல்லை. ஒரு நாட்குறிப்பு இருந்தது.

அன்றிரவு புதிய நோட்டு வாங்கினேன். கிப்ஸின் ஆறு படிகளை எழுதவில்லை. எனக்கென்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒருவர் என்ன சொன்னாரோ அதை அவர் சொன்ன சொல்லிலேயே முதலில் எழுத வேண்டும், அதற்கு நான் என்ன செய்தேன் என்பதை அடுத்து எழுத வேண்டும், அவர் என்ன உணர்ந்தார் என்று நான் எழுதக் கூடாது. அவர் வாயால் சொன்னால் மட்டும் எழுதலாம். முதல் பக்கத்தில் பாட்டியின் கேள்வியை எழுதினேன். அடுத்த வரியில் ‘ஒன்றுதான் என்றேன். அது எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன்.

பாட்டியைத் தேடினேன். வருகைப் பதிவேட்டில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் கையெழுத்தும் மட்டும்தான் இருந்தன. பள்ளிக்குப் போனேன். அன்று துணைக்கு யார் யார் வந்தார்கள் என்று ஆசிரியருக்கு நினைவில்லை. பிள்ளைகள் ஆறேழு ஊர்களிலிருந்து வருகிறார்கள். இரண்டு முறை போன பிறகு நிறுத்திக்கொண்டேன். அவரை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

பிறகு சேர்க்கைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வேளாண்மை, வீட்டுப் பொருட்கள் பிரிவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள். வெற்றிலைப் பெட்டி, பல்லாங்குழி, ஊஞ்சல் சங்கிலி, அரிவாள்மணை, செம்புப் பானை, அலங்கார விளக்கு, குதிருக்கான மரக்கதவு. கொடுத்தவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். நிலம் வைத்திருந்த வீடுகள், கடை வைத்திருந்த வீடுகள், மடங்கள். வயலில் இறங்கி உழைத்த வீட்டிலிருந்து வந்தவை இரண்டே இரண்டு: ஒரு மீன் பறி, ஒரு பனையோலைக் கொட்டான். அவற்றுக்கு எதிரே நன்கொடையாளர் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் மட்டும்.

வடஅமெரிக்காவில் பால்ட்டிமோரில் ஃப்ரெட் வில்சன் என்ற கலைஞர் 1992-இல் செய்த காட்சி ஒன்று படிப்பில் வந்தது. மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் கிடங்கிலிருந்தே பொருட்களை எடுத்து மாற்றி அடுக்கினார். ஒரு பேழையில் செல்வர் வீட்டு வெள்ளிக் குவளைகள், கூஜாக்கள். அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து லேபிள் ஒன்றுதான், உலோக வேலைப்பாடு 1793–1880 என்று. படித்தபோது அடடா என்றிருந்தது. இப்போது பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. வில்சனுக்குக் கிடங்கில் விலங்கு கிடைத்தது. எங்கள் கிடங்கில் சவுக்கு இல்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன; விவசாயிகள் சங்கம் போராடி, 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவை பள்ளிப் புத்தகத்தில் விரிவாக இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் சவுக்கை யாரும் நன்கொடையாகக் கொடுப்பதில்லை. கொடுக்கப்பட்டதை மட்டும் அடுக்கினால், கொடுக்க முடிந்தவர்களின் கதைதான் வரும். கிடைத்ததை வைக்கிறோம், அதில் என் தேர்வு ஏதும் இல்லை என்று எண்ணியிருந்தேன்.

மரக்கால் கொடுத்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் எண்பதைத் தாண்டியவர், கண்ணியமானவர், நான் போகும்போதெல்லாம் சாப்பிடச் சொல்பவர். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் காபியைக் குடித்து முடிக்கும்வரை வேறு பேசினேன். கடைசியில் பாட்டி கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பா காலத்துல ரெண்டு இருந்துது. அது உண்மை. நான் எதைக் குடுத்தேன்னு எனக்கே தெரியாது” என்றார்.

“இன்னொண்ணு இருக்கா ஐயா?”

“இல்ல.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு மரக்காலை அளந்தேன். மரத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. மெல்லிய பருத்தித் துணியை உள்ளே விரித்து, தினையைக் கொட்டி, தலை தட்டி, அதை லிட்டர் குவளையில் திருப்பி அளந்தேன். மூன்று முறை. சுற்றுவட்டாரத்தில் வயதானவர்கள் சொல்லும் கணக்கைவிடக் குறைவாகத்தான் வந்தது. வெளி உயரத்துக்கும் உள் ஆழத்துக்கும் இரண்டு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அடியில் இன்னொரு பலகை, அதன் ஆணி வேறு, மரத்தின் நிறமும் சற்று வேறு. ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று கை நடுங்கியது. நிதானமாக யோசித்தபோது அதில் உறுதி ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. 1956-இல் தசமமுறை எடை அளவுச் சட்டம் வருவதற்கு முன் எத்தனையோ வகைகள் புழங்கின. அடிப்பலகை உளுத்துப் போய்ப் பிற்காலத்தில் வேறு போட்டிருக்கலாம். ஜோடி இல்லாமல் ஒரு மரக்காலை வைத்து எதையும் நிறுவ முடியாது. நோட்டில் அளவை எழுதி, இந்தச் சந்தேகங்களையும் எழுதினேன். அந்தக் கையை உள்ளே விட விட்டிருந்தால் என்பதையும் எழுதினேன்.

அந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்களுக்குப் போனேன். மரக்காலை எடுத்துப் போக அனுமதி இல்லை. படம் மட்டும் எடுத்துப் போனேன். முதல் இரண்டு ஊர்களில் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அதிகாரி ஒருவர் படத்தோடு வந்து நின்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? மூன்றாவது ஊரில் உள்ளூர்ப் பஞ்சாயத்து நூலகர் கூட வந்தார். கோயில் திண்ணையில் உட்கார்ந்தோம். படத்தை எடுக்காமல், எனக்கு நெல் அளக்கத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்றேன். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. அளப்பது என்பது ஒரு வித்தை என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்று என்று எண்ணத் தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்குவார்கள் என்பது நான் கேள்விப்பட்டதுதான். மற்றவை புதிது. பண்ணைக்குள் வரும் நெல்லைக் குவித்து அளப்பார்கள், வெளியே போகும் நெல்லைத் தலை தட்டி அளப்பார்கள். நெல்லை மேலிருந்து கொட்டினால் இறுகி நிறையப் பிடிக்கும், பக்கவாட்டில் சரித்து வாரினால் உள்ளே பொள்ளலாக நிற்கும். அளக்கிறவன் கட்டை விரலை உள்ளே விட்டுப் பிடித்தால் விரல் அளவுக்கு நெல் குறையும். கலத்துக்குப் பன்னிரண்டு விரல். கண்டுமுதல் நல்ல நெல் உள்ளே போன பிறகு கருக்காயும் பதரும் கலந்த அடிக்களத்து நெல் கூலிக்கு வரும். ஒரு பெரியவர் மரக்கால் இல்லாமலே, வெறும் கையைக் காற்றில் வளைத்து, சரிப்பது எப்படி, தட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். அவர் கையில் மரக்கால் இருப்பதுபோலவே எனக்குத் தெரிந்தது.

“முத்திரை போட்ட மரக்கால்ல அளங்கன்னு எங்கப்பா கூட்டமெல்லாம் கேட்டாங்க. கொடி புடிச்சதே அதுக்குத்தான்” என்றார் இன்னொருவர். அப்போது யாரோ வெண்மணியின் பெயரைச் சொன்னார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கேட்டது படிக்கணக்கில் கொஞ்சம் நெல். திண்ணையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நான் லேபிளில் ‘தானியங்களை அளக்கும் கருவி’ என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பி மரக்காலில் முத்திரை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். இல்லை. பூண் பிற்காலத்தில் மாற்றியதாக இருந்தால் அதோடு போயிருக்கும். இதையும் எழுதிவைத்தேன்.

லேபிளை மாற்றி எழுதினேன்: ‘மரக்கால். தேக்கு, பித்தளைப் பூண். நெல் அளந்தது. பண்ணையில் நெல்லை வாங்க ஒரு மரக்காலும் கூலி கொடுக்க வேறொரு மரக்காலும் இருந்ததாகக் களத்தில் உழைத்தவர்கள் சொல்கிறார்கள். இது எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.’

என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு இரண்டு வாக்கியங்களை அடித்தார். நன்கொடை கொடுத்தவர் மனம் நோகும், பத்திரிகையில் வந்தால் யார் பதில் சொல்வது, தெரியவில்லை என்று ஓர் அருங்காட்சியகம் தன் சுவரிலேயே எழுதிவைக்கலாமா என்றார். அவர் கேட்டதில் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. முத்திரையைப் பற்றியும் வெண்மணியைப் பற்றியும் பேசிய அந்தத் திண்ணையின் பெயரைக்கூட அந்த அறையில் நான் சொல்லவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாக்கியங்கள் இல்லாத லேபிள் இரண்டு ஆண்டுகள் அங்கே நின்றது. பாட்டியிடம் நான் செய்தது தெரியாமல் செய்தது என்று ஒரு வேளை சொல்லலாம். இது தெரிந்து செய்தது. அந்த இரண்டு ஆண்டும் நோட்டில் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மற்றவற்றை எல்லாம் எழுதியிருக்கிறேன்: ஒளி அளவு, கரையான், சிற்பம் மாற்றி வைத்தது. இதை மட்டும் எழுதவில்லை. என் நோட்டில் எது இல்லை என்று பார்க்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

வேறொருவர் பொறுப்புக்கு வந்தபோது லேபிளை மீண்டும் கொண்டுபோனேன். அந்த ஆண்டுதான், 2022 ஆகஸ்டில், பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் பிராகாவில் கூடி அருங்காட்சியகம் என்பதற்குப் புதிய வரையறை ஏற்றிருந்தது. சமூகங்களின் பங்கேற்போடு இயங்க வேண்டும் என்ற சொற்கள் அதில் இருந்தன. அந்தத் தாளையும் கூட எடுத்துப் போனேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அவர் லேபிளைப் படித்துவிட்டு, தன் தாத்தா வீட்டிலும் இரண்டு இருந்ததாகச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

மரக்கால் கொடுத்த பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் மகனுக்குக் கடிதம் எழுதி, புதிய லேபிளின் நகலை வைத்து, ஆட்சேபம் இருந்தால் பேசலாம் என்று சொன்னேன். பதில் வரவில்லை. அவர்கள் வீட்டில் தருவதாகச் சொல்லியிருந்த செப்புப் பாத்திரங்களும் வரவில்லை. அவர்களுக்கு இது வலித்திருக்கும். அந்தப் பெரியவர் ‘அது உண்மை’ என்று ஒரு சொல் சொன்னார். அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் பெயரை லேபிளிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கயிற்றை அவிழ்த்துவிடுகிறோம். பித்தளைப் பூண்மேல் துணி சுற்றி, மரக்காலைத் தாழ்ந்த பலகையில் வைத்து, விரும்பியவர்கள் கையை உள்ளே விடலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு முறம் நெல். அந்த நெல்லை முதலில் குளிர்பெட்டியில் உறையவைத்துப் பூச்சி இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். பதிவேட்டில் ‘சொன்னவர்கள்’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். பெயர் சொல்ல விரும்பாதவர்களுக்கு ஊர்ப் பெயர், அதுவும் வேண்டாம் என்றால் தேதி. சொன்ன சொல் மட்டும் சொன்னபடியே. பதினெட்டுப் பேர் இதுவரை சொல்லியிருக்கிறார்கள். பதினொரு பேர் கொடுக்கிற மரக்கால் என்றார்கள். நான்கு பேர் வாங்குகிறது. இரண்டு பேர் கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அதையும் தேதியோடு எழுதியிருக்கிறேன்.

பதினெட்டாமவர் போன மாதம் வந்தார். எழுபது வயதிருக்கும், மகளோடு வந்திருந்தார். கையை உள்ளே விட்டு, அடியைத் தட்டி, பக்கத்தை நகத்தால் சுரண்டி, விரலை மோந்து பார்த்தார்.

“இது கூலி மரக்காலும் இல்ல, வாங்குற மரக்காலும் இல்ல தம்பி. இது வெத மரக்கா. வெதைக்குன்னு தனியா வச்சிருப்பாங்க. இத்தன மரக்கா வெதப்பாடுன்னுதான நெலத்தையே சொல்லுவாங்க. அந்தக் கணக்கு இது.”

“அடில ரெண்டாவது பலகை இருக்கே அம்மா?”

“எலி கடிச்சிருக்கும்” என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். பிறகு அவரிடமே கொடுத்தேன். அவர் எழுதத் தெரியும் என்று சொல்லி, நின்றபடியே, பத்தியின் கோட்டுக்கு வெளியே போகாமல், மெதுவாக எழுதினார்: விதை மரக்கால்.